250 சொற்களுக்கு மிகாமல்

"எங்கள் நிறுவனத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள்? 250 சொற்களுக்கு மிகாமல் எழுதவும்."

லண்டனின் பெரிய வணிகச் சட்ட நிறுவனங்கள், பயிற்சி சொலிசிற்றராக வர ஆசைப்படும் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது இதைத்தான். 1980களின் தொடக்கத்தில் நான் அந்த வேலைக்குப் போனபோது யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு 250 சொல் தேவைப்பட்டிருக்காது. 'மற்றவர்கள் இடம் தரவில்லை' என்று மூன்றே சொல்லில் முடித்திருப்பேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு 'ஆர்ட்டிகிள்ட் கிளார்க்' என்று பெயர். மிகப் பழைய ஏற்பாடு அது. தொழில் தெரிந்த ஒருவரிடம் ஐந்து வருடம் எழுத்துவேலை பார்த்தவனே சொலிசிற்றர் ஆகலாம் என்று 1728ஆம் ஆண்டின் சட்டமே விதித்திருந்தது. பட்டதாரிகளுக்கு அது இரண்டு வருடமாகச் சுருங்கியது மிகவும் பிந்தி. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் சிக்கலில்லாதது. பையனின் வீட்டார் ஒரு தொகையைக் கட்ட வேண்டும். டிக்கன்ஸின் நாவலில் டேவிட் காப்பர்ஃபீல்ட் லண்டன் புரொக்டர் ஒருவரிடம் தொழில் பழகப் போகிறான். அதற்குக் கட்டணம் 1,000 பவுண். வேலை செய்யப் போகிறவனே காசும் கொடுத்தான்.

புரொக்டர் தொழில் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சொலிசிற்றருக்குள் கரைந்துபோனது. இலங்கையில் 1974 வரை தாக்குப்பிடித்தது. யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசி என்போம். என் அப்பா பிரக்கிராசி. கோட்டடியில் ஒரு சின்னக் கந்தோர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு கிளாக்கர், உறுதிகள் அடைத்த தகரப் பெட்டிகள். அந்தப் பெட்டிகள் மேல் எனக்கு அப்போது பெரிய மதிப்பு இருந்ததில்லை. லண்டனில் எனக்குச் சோறு போடப்போவது அவைதான் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்திருப்பேன்.

பட்டமும் சட்டச் சங்கத்தின் இறுதித் தேர்வும் முடிந்ததும், நூலகத்திலிருந்த சொலிசிற்றர் பெயர்ப்பட்டியலைப் பார்த்துக் கடிதம் எழுதத் தொடங்கினேன். கையெழுத்து நன்றாயிருக்க வேண்டும், தாள் நல்ல தாளாயிருக்க வேண்டும். அவ்வளவுதான் தகுதி. வந்த பதில்கள் எல்லாம் ஒரே வசனம்: இடம் நிரம்பிவிட்டது, வருந்துகிறோம். ஆனால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெரிய மனிதர் மையால் ஒப்பமிட்டிருந்தார். நிராகரிப்பதற்கும் அன்றைக்கு ஆள் வைத்திருந்தார்கள்.

கடைசியில் லண்டனின் வணிக மையமான சிற்றியிலிருந்து ஒரு சிறிய நிறுவனம் வரச் சொன்னது. மின்சிங் லேன் பக்கம். நெடுங்காலமாகத் தேயிலை வியாபாரிகளின் பேட்டை அது. அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர்களும் அவர்கள்தான். என் விண்ணப்பத்தில் 'சிலோன்' என்று கண்டதும் முதிய பங்காளிக்கு ஆர்வம் பிறந்திருக்கிறது.

"தேயிலை நாட்டுப் பையன்!" என்றார்.

"எங்கள் பக்கம் தேயிலை இல்லை, புகையிலை" என்றேன்.

முகம் வாடிவிட்டது. கிரிக்கெட் ஆடுவாயா என்று கேட்டார். ஆடுவேன், விக்கெட் காப்பாளர் என்றேன். முகம் சற்றுத் தேறியது. பிறகு கேட்டார், "அப்பா என்ன செய்கிறார்?"

"புரொக்டர்."

பேனையை மேசைமேல் வைத்தார். தாத்தா காலத்தோடு தன் நாட்டில் மறைந்துபோன ஒரு தொழிலை, எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு கறுத்த மனிதர் தன் காலத்திலும் செய்துகொண்டிருந்ததைக் கேட்டு அவருக்கு உண்மையாகவே கண் பனித்தது. செப்டம்பரில் வரச் சொன்னார். ஒப்பந்தச் சட்டம் பற்றி ஒரு கேள்வி இல்லை. வணிகம் பற்றி ஒரு கேள்வி இல்லை. என் மதிப்பெண்கள் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

'ஏன் எங்கள் நிறுவனம்?' என்று கேட்கும் துணிச்சல் அன்றைக்கு அவர்களுக்கு இருந்திருக்க வழியில்லை. சொலிசிற்றர்கள் விளம்பரம் செய்ய 1984 வரை தடை. வெளியாள் ஒருவன் நிறுவனத்தைப் பற்றி அறியக்கூடிய எல்லாமே வாசலிலிருந்த பித்தளைப் பலகையில் இருந்தது. அது பெயரை மட்டும் சொல்லும். 'தங்கள் பித்தளை நன்றாகத் துலக்கப்பட்டிருப்பதால் கவரப்பட்டேன்' என்றா எழுத முடியும்? 1967ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம் வரும்வரை 20 பங்காளிகளுக்கு மேல் வைத்திருக்கவும் அனுமதியில்லை. ஆளையாள் அறிந்த சின்ன வட்டம். அதற்குப் படிவம் எதற்கு?

சேர்ந்த பிறகு செய்த வேலைக்கும் பெரிய அறிவு தேவைப்படவில்லை. சிற்றி ரோட்டிலிருந்த கம்பனிப் பதிவகத்துக்குப் போய் மைக்ரோஃபிஷ் படத்தாளில் கணக்கு தேடுவது. புஷ் ஹவுசில் பத்திரங்களுக்கு முத்திரை குத்தக் காத்திருப்பது. ஸ்ட்ராண்ட் நீதிமன்றத்தில் வரிசையில் நிற்பது. வரிசையில் நின்றே சட்டம் படித்த தலைமுறை நாங்கள். எனக்கு முன்னால் நின்ற அனுபவசாலிக் கிளார்க்குகள் சொல்லித் தந்ததைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

இதைச் சொல்லும்போது என் வயதுக்காரர்களின் குரலில் தேன் வடியும். அந்தக் காலம் மனிதரைப் பார்த்தது, தாளைப் பார்க்கவில்லை என்பார்கள். பார்த்தது உண்மைதான். யாரைப் பார்ப்பது என்பதை முன்பே முடிவுசெய்துவிட்டுப் பார்த்தது. சொலிசிற்றர் தேர்வு எழுத விட வேண்டும் என்று 1913இல் வழக்குப் போட்ட பெண்களிடம், சட்டம் சொல்லும் 'ஆள்' என்பதில் பெண் அடங்காது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அனுப்பியது. முதல் பெண் சொலிசிற்றர் கேரி மாரிசன் பதிவானது 1922இல். என்னோடு இறுதித் தேர்வு எழுதி என்னைவிட நன்றாகத் தேறிய ஒரு நண்பனின் அப்பா, கிளிநொச்சியில் தபால்காரர். அவனிடமும் யாரோ ஒரு பங்காளி அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அவன் பிறகு உள்ளூராட்சி அலுவலகம் ஒன்றில் வீட்டு வாடகைக் கோப்புகளைப் பார்த்து ஓய்வுபெற்றான்.

1986இல் லண்டன் பங்குச் சந்தையின் கதவுகள் திறந்தன. அமெரிக்க வங்கிகள் வந்தன, சட்ட நிறுவனங்கள் வீங்கின. 1987இல் இரண்டு பழைய நிறுவனங்கள் சேர்ந்து கிளிஃபர்ட் சான்ஸ் ஆனது. ஆண்டுக்கு இரண்டு கிளார்க் எடுத்த இடங்கள் கூட்டமாக எடுக்கத் தொடங்கின. 1990களில் கிளார்க் என்ற பெயரும் போய் 'பயிற்சி சொலிசிற்றர்' வந்தது. அப்போதுதான் படிவமும் பிறந்தது. இரண்டு பக்கம், நிழற்பிரதி, அடியில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு பெட்டி. நான் பங்காளியான பிறகு அவற்றைப் படித்துத் தரம் பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இங்கிலாந்தின் இளைஞர்கள் எல்லோரும் வாசிப்பதையும் பயணம் போவதையும் விரும்பினார்கள் என்பதற்கு நான் சாட்சி.

இப்போது தம்பி மகளின் முறை.

தம்பி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவன். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவுவேலை பார்த்து, ஹாரோவில் ஒரு மூலைக்கடை வாங்கினான். பால், பத்திரிகை, பியர், முருங்கைக்காய். மகள் அந்தக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தவள். சட்டம் படிக்கிறாள். சென்ற வருடக் கடைசியில் மடிகணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியப்பா, எங்களோடை சேர ஏன் விரும்புறாய் எண்டு கேக்கினம். என்ன எழுதுறது?"

"ஏன் விரும்புறாய்?"

"சம்பளம்."

நேர்மையான பதில். 'மேஜிக் சர்க்கிள்' என்று சொல்லப்படும் ஐந்து நிறுவனங்களில் புதிதாகத் தகுதிபெறும் சொலிசிற்றருக்கு 2024இல் ஆண்டுச் சம்பளம் 150,000 பவுண் ஆனது. தகுதித் தேர்வுக்குப் படிக்கும் செலவையும் பெரிய நிறுவனங்களே ஏற்றுக்கொள்கின்றன. காப்பர்ஃபீல்ட் காசு கட்டிய இடத்தில் இப்போது காசு தருகிறார்கள். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் இது தெரியும். கேட்கிறவர்களுக்கும் தெரியும். இந்த ஒரு பதிலை எழுதினால் மட்டும் படிவம் குப்பைக்குப் போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே நிறுவனங்களின் இணையதளங்களைப் படித்தோம். விளம்பரத் தடை போன பிறகு என்ன ஒரு பேச்சு! எல்லோரிடமும் ஒத்துழைக்கும் பண்பாடு இருந்தது. எல்லோரும் உலகளாவியவர்கள். எல்லோரும் இளையவர்களுக்கு முதல் நாளிலிருந்தே பொறுப்புக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றின் பெயரைப் போட்டுப் பார், அப்போதும் பதில் பொருந்தினால் அது பதிலே இல்லை என்று வழிகாட்டிகள் எச்சரிக்கிறார்கள். இதே சோதனையை நிறுவனங்களின் இணையதளங்களுக்கு யாரும் வைப்பதில்லை. பிள்ளைகள் அந்தரத்தில் ஒரு நிறுவனத்துக்கு எழுதியதில் இன்னொன்றின் பெயரை விட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கென்னவோ, அந்தப் பிள்ளைகள்தான் தொழிலின் நிலவரத்தைச் சரியாக விளங்கிக்கொண்டவர்கள் என்று படுகிறது.

அடுத்தது, குழுவாக வேலை செய்த ஓர் அனுபவம். இதற்கு 'ஸ்டார்' என்று ஒரு சூத்திரம்: சூழ்நிலை, பணி, செயல், விளைவு. என்ன எழுதினாய் என்று கேட்டேன். வாசித்துக் காட்டினாள். 'பல தரப்பினரின் எதிர்பார்ப்புகள் மோதிய அழுத்தமான சூழலில், குறுகிய காலக்கெடுவுக்குள் கருத்தொற்றுமையை உருவாக்கினேன்.'

"இது எங்கை நடந்தது பிள்ளை?"

"தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை. வாணி விழாவுக்கு ஆர் சரஸ்வதி எண்டு ரெண்டு அம்மாமார் சண்டை பிடிச்சினமே, அதுதான்."

"எப்பிடித் தீர்த்தனீ?"

"ஒரு பிள்ளையை லட்சுமி ஆக்கிக் காசுமாலை போட்டு விட்டன். அந்த அம்மா பேசாமல் போயிட்டா."

கட்சிக்காரர் கேட்டதைக் கொடுக்க முடியாதபோது, கேட்டதைவிடப் பளபளப்பான ஒன்றைக் கொடுத்து ஒப்பமிட வைப்பது. முப்பது வருடம் நான் செய்த தொழிலின் சாரம் அதுதான். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். காசுமாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் 'கருத்தொற்றுமை' போட வேண்டியிருக்கிறது.

வணிகச் செய்தி ஒன்றை எடுத்து அது எங்கள் கட்சிக்காரர்களை எப்படிப் பாதிக்கும் என்று எழுது என்றது அடுத்த கேள்வி. 'கொமர்ஷல் அவேர்னஸ்' என்ற வணிக அறிவைச் சோதிக்கவாம். அவள் இரண்டு அமெரிக்க முதலீட்டு நிறுவனங்கள் ஒரு மென்பொருள் கம்பனிக்காக அடிபட்ட கதையை எழுதி வைத்திருந்தாள். அவளுக்கே அது பாதிதான் விளங்கியிருந்தது. நான் அவளுடைய அப்பாவின் கடைக் குத்தகையை ஞாபகப்படுத்தினேன். இங்கிலாந்தில் கடை வாடகையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்வது வழக்கம். பல குத்தகைகளில் அந்த வாடகை ஏறலாம், இறங்கக் கூடாது. தெருவில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தாலும் இறங்கக் கூடாது. புதிய குத்தகைகளில் இதைத் தடைசெய்ய 2025 ஜூலையில் அரசாங்கம் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. கடைக்காரருக்குக் குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமையை 1954ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தால்தான் சாவி தருவேன் என்று சொல்லவும் அதே சட்டம் கட்டடச் சொந்தக்காரனுக்கு இடம்விடுகிறது. இந்த இரண்டு விஷயமும் தம்பி வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டவை.

"இதுவும் கொமர்ஷல் அவேர்னஸோ?" என்று கேட்டாள்.

"இதைவிட வேறை இல்லை."

அந்தப் பதிலை அவள் திருத்தி எழுதினாள். அன்றைக்கு எழுதியவற்றுள் அவளுடைய குரலில் இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு வந்தது, எனக்கு மிகவும் பழக்கமான கேள்வி. உனக்கு 14 வயதிருக்கும்போது வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் என்ன வேலை செய்தார்? நாற்பது வருடத்துக்கு முன் மின்சிங் லேனில் கேட்ட அதே கேள்வி, வயதை மட்டும் சேர்த்துக்கொண்டு வந்திருந்தது. இப்போது கேட்பதற்குக் காரணம் வேறு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வருகிறார்களா என்று பார்க்கக் கேட்கிறார்கள். பல இடங்களில் இது கணக்கெடுப்புக்கு மட்டும். சில இடங்களில் வீட்டு நிலைமை, படித்த பள்ளிக்கூடம், இலவச மதிய உணவு எல்லாவற்றையும் சேர்த்து, எந்தச் சூழலில் எடுத்த மதிப்பெண் என்று எடைபோடுகிறார்கள். பதில்களின் பட்டியலில் சிறு வணிகர்களுக்கும் ஒரு வரி. அதில் உதாரணமாக முதலில் அச்சிட்டிருந்ததே மூலைக்கடைக்காரர்தான். அப்பாவின் தொழிலைப் படிவத்தில் கண்டதும் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றது. பெற்றோரில் யாராவது பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரா?

"ஓம் எண்டு போடட்டோ?"

"பட்டம் இருக்கெல்லோ."

"அப்ப நான் படிச்ச குடும்பம். மேலை கடைக்காரன்ரை பிள்ளை. ஒரு கேள்வியிலை ஏறினது மற்றக் கேள்வியிலை இறங்குது, பெரியப்பா."

நான் பதில் சொல்லவில்லை. தம்பியின் பட்டம் அவனுக்கு இந்த நாட்டில் ஒரு வேலையும் வாங்கித் தந்ததில்லை. அது முதல்முதலாக ஒரு விளைவை உண்டாக்கியது அன்றைக்குத்தான்: மகளின் கணக்கில் கழிவு. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் நாங்கள். அப்பாவின் தொழிலைச் சொல்லி நான் உள்ளே போனேன். தன் தொழிலைச் சொல்லித் தம்பி தன் மகளை உள்ளே அனுப்பப் பார்க்கிறான். அன்றைக்குச் சரியான விடை பிரக்கிராசி. இன்றைக்குச் சரியான விடை மூலைக்கடை. ஆனாலும் கிளிநொச்சித் தபால்காரரின் மகனை நினைக்கும்போது, விடை இந்தப் பக்கம் புரண்டதில் எனக்கு வருத்தமில்லை. ஒன்றுமே கேட்காமல் கதவைச் சாத்துகிறவனைவிட, கோணல்மாணலாகக் கேள்வி கேட்கிறவன் மேல்.

மிச்சத்தை அவள் தனியாகவே செய்தாள். வாட்சன்-கிளேசர் சோதனை: ஒரு பந்தி கொடுப்பார்கள், அதிலிருந்து இந்த முடிவுக்கு வரலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். உலக அனுபவம் எதையும் பயன்படுத்தக் கூடாது. பிறகு வீடியோ நேர்முகம். திரையில் கேள்வி எழுத்தாக வரும், யோசிக்க அரை நிமிடம், பிறகு தன் முகத்தைத் தானே பார்த்துப் பேச வேண்டும். எதிரில் முகம் வாடவும் தேறவும் ஒரு கிழவர்கூட இல்லை. முடிவில் ஓர் உறுதிமொழி: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதவில்லை. ஹார்வி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் தன் வழக்கறிஞர்கள் பயன்படுத்துவதாக ஆலன் அண்ட் ஓவரி 2023இலேயே அறிவித்து, மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் போன பிறகு, அதைத் தொடக் கூடாதவர்கள் இன்னும் வேலை கிடைக்காத பிள்ளைகள் மட்டும்தான். வேலை கிடைத்ததும் தொட்டே ஆக வேண்டும்.

நிராகரிப்புகள் இரவு பதினொரு மணிக்கு, பதில் எழுத முடியாத முகவரிகளிலிருந்து வந்தன. விண்ணப்பங்கள் மிகுதியாதலால் தனித்தனியே காரணம் சொல்ல இயலாதாம். 'ஏன் எங்கள் நிறுவனம்' என்று 250 சொல் கேட்டவர்களுக்கு, 'ஏன் நீ வேண்டாம்' என்பதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. ஓரிரண்டு இடங்கள் நேரில் வரச் சொல்லியிருக்கின்றன. அதற்கு ஒத்திகை நேர்முகம் நடத்தித் தரவும், விண்ணப்பம் திருத்தித் தரவும் காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. பதினொரு வயதில் கிராமர் ஸ்கூலுக்கு ரியூஷன் போனவர்கள் இருபதிலும் போகிறார்கள்.

என்னைக் கேட்டால் படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் வைப்பேன் என்று அவளிடம் சொன்னேன். ஒரு பழைய கடைக் குத்தகையின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, இதில் கடைக்காரனுக்கு எங்கே வெட்டு விழுகிறது என்று காட்டச் சொல்வேன். தகப்பன் பெயரும் வேண்டாம், சரஸ்வதியும் வேண்டாம்.

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள்.

"நல்ல கேள்விதான். ஒரு மாசத்திலை அதுக்கும் ரியூஷன் வந்திடும். பெரியப்பா, நீங்களே முதல் ஆளாத் தொடங்கினால் என்ன? மணித்தியாலத்துக்கு எவ்வளவு எடுப்பியள்?"